கண்ணுக்குத் தெரியாத காவற்காரன்

(தோட்ட மண்டபத்தில் இளைஞர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

நாள் முழுதும் வெயிலில் உழைத்துவிட்டு, குளித்து உடை மாற்றிக்கொண்டு, இம்மண்டபத்திற்கு வந்திருக்கின்றீர்கள். உங்கள் பொழுதை வீணாக்கும் எண்ணம் எனக்கில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இங்கு அமர்ந்திருப்போருள் சிலருடைய சட்டைப் பையில் இப்பொழுதே இருக்கக்கூடும். மின்சிகரெட் என்று செய்தித்தாள்களும், 'வேப்' என்று இளைஞர்களும் கூறும் சாதனமே அது. அதனை வெளியே எடுத்துக் காட்டும்படி நான் எவரையும் கேட்கப் போவதில்லை. அதற்குள்ளே மின்சாரம் எவ்வாறு ஆளப்படுகின்றது என்பதை மட்டும் விளக்கப் போகின்றேன். அது விளங்கினால், அச்சாதனத்தை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் நம்பவே கூடாது என்பதும் உங்களுக்கு விளங்கிவிடும்.

ஒரு மாணவனின் கேள்வி

இவ்விஷயத்தில் எனக்கு அக்கறை ஏற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. தகவல் பணிக்கு வருவதற்கு முன் நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியனாக இருந்தவன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்கலம், கம்பி, விசை, சிறு விளக்கு ஆகிய நான்கையும் கொண்டு மின்சுற்று அமைக்கக் கற்பித்தேன். விளக்கு எரிந்தபோது பிள்ளைகள் மகிழ்ந்து கைதட்டினார்கள்.

அவ்வாறு கைதட்டியவர்களுள் ஒருவனை, மூன்றாண்டுகளுக்கு முன் மருத்துவமனைப் படுக்கையில் கண்டேன். வளர்ந்து இளைஞனாகியிருந்தான். செம்பனைக் குலை வெட்டும் வேலைக்குப் புறப்பட்டவன், மோட்டார் சைக்கிளுக்குரிய சாவி ஒன்றைக் காற்சட்டைப் பையில் போட்டிருக்கின்றான். வீட்டுச் சாவியும் சில்லறைக் காசும் அதே பையில் இருந்திருக்கின்றன. அவற்றோடு மின்சிகரெட்டுக்குரிய மாற்று மின்கலம் ஒன்றையும் போட்டுக்கொண்டான். பாதி வழியில் பட்டாசு வெடித்தாற்போன்ற ஓசை கேட்டது. பையிலிருந்து தீ கிளம்பியது. வலது தொடை முழுதும் கட்டுப் போட்டிருந்தார்கள்.

"என்னுடையது மலிவான சாமான் இல்லை ஐயா. பாதுகாப்பு உள்ளது என்று கேட்டுத்தான் வாங்கினேன். உள்ளே சிப் எல்லாம் இருக்கிறது. பிறகு எப்படி ஐயா இப்படி ஆயிற்று?" என்று அவன் என்னைக் கேட்டான்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் சரியாக விடை கூற இயலவில்லை. விசையும் விளக்கும் இருக்கும் மின்சுற்றை நான் அவனுக்குக் கற்பித்தேன். விசையும் விளக்கும் இல்லாமல், மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் உலோகம் தொட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை நான் கற்பிக்கவில்லை. விட்டுப்போன அந்தப் பாடத்தைத்தான் இன்று இங்கு நடத்த வந்திருக்கின்றேன்.

சாதனத்தின் உறுப்புகள்

மின்சிகரெட்டை இன்றைய வடிவில் உருவாக்கியவர் சீனாவைச் சேர்ந்த மருந்தியலாளரான ஹொன் லிக் என்பவர், ஆண்டு 2003. அதற்குச் சக்தி தரும் லித்தியம் அயன் மின்கலத்தை 1991-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. நம் கைத்தொலைபேசியிலும் அதே இனத்தைச் சேர்ந்த மின்கலமே இருக்கின்றது.

சாதனத்தில் முக்கிய உறுப்புகள் மூன்று. முதலாவது, மின்கலம். இரண்டாவது, கம்பிச் சுருள். இளைஞர்கள் 'காயில்' என்று கூறுவது இதனையே. இச்சுருளை ஒட்டிப் பஞ்சு இருக்கும். பஞ்சிலே திரவம் ஊறி நிற்கும். சுருள் சூடேறியதும் திரவம் ஆவியாகின்றது. மூன்றாவது, இவ்விரண்டிற்கும் நடுவே அமர்ந்திருக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை. கண்ணுக்குத் தெரியாத காவற்காரன் என்று நான் கூறுவது இந்தப் பலகையைத்தான்.

மின்சாரத்தைப் பற்றி நான்கு சொற்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டிலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கின்றதோ, அவ்வளவுக்குக் குழாயில் அழுத்தம் இருக்கும். மின்சாரத்தில் இது மின்னழுத்தம்; வோல்ட் என்பது அதன் அளவு. குழாயில் ஓடும் தண்ணீரைப் போன்றது மின்னோட்டம். அதனை ஆம்பியர் என்று அளக்கின்றோம். குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் குறைவாக ஓடும். அந்தத் தடுப்பே மின்தடை. அதன் அளவு ஓம். 1827-ஆம் ஆண்டில் இவ்விதியை நூலாக வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் என்பவரின் பெயரே அந்த அளவுக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

நான்காவது சொல், மின்திறன். அதன் அளவு வாட். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். இதற்குத் தொட்டியை விடப் பால்மரம் நல்ல உதாரணம். ரப்பர் விலை வோல்ட் என்று கொள்ளுங்கள். எடுத்த பாலின் அளவு ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் கைக்கு வரும் பணமே வாட். இந்த உதாரணத்தை மறந்துவிடாதீர்கள். சற்று நேரத்தில் மீண்டும் தேவைப்படும்.

காவற்காரன் இல்லாத வீடு

மின்சுற்றுப் பலகையே இல்லாத மின்சிகரெட்டும் உண்டு. 'மெக்கானிக்கல்' என்பார்கள். உலோகக் குழாய், மின்கலம், பொத்தான், சுருள், வேறொன்றும் இல்லை. பொத்தானை அழுத்தினால் மின்கலத்தின் முழு அழுத்தமும் நேரே சுருளைச் சென்று சேரும்.

முழுதாக மின்னேற்றிய ஒரு மின்கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் தடை 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 4.2-ஐ 0.5-ஆல் வகுத்தால் 8.4 ஆம்பியர். திறன் ஏறத்தாழ 35 வாட். மின்கலம் தளர்ந்து 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது, மின்னோட்டம் 6.4 ஆம்பியராகவும், திறன் ஏறத்தாழ 20 வாட்டாகவும் குறைந்துவிடும். காலையில் ஆவி மிகுதியாகவும் மாலையில் குறைவாகவும் வருவதற்கு இதுவே காரணம்.

ஆவி குறைவது ஒரு தொல்லை மட்டுமே. ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது. நிறைய ஆவி வேண்டும் என்ற ஆசையில் ஒருவர் 0.1 ஓம் தடையுள்ள சுருளைச் சுற்றிப் பொருத்துகின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.2-ஐ 0.1-ஆல் வகுத்தால் 42 ஆம்பியர்! நம் வீட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகும் மூன்று முனைச் செருகியில் இருக்கும் உருகி 13 ஆம்பியர் அளவுடையது. விரல் அளவே உள்ள மின்கலத்திடம் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான மின்னோட்டத்தைக் கேட்பது எத்தகைய கொடுமை! அழுத்தம் குறைவாக இருப்பதால் நமக்கு அதிர்ச்சி தாக்காது. ஆனால் மின்கலத்தின் உள்ளே வெப்பம் ஏறும். அங்கு இருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். இரு தகடுகளைப் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். வெப்பத்தில் அத்தாள் உருகிவிட்டால் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு, மேலும் வெப்பம் பிறந்து, தீயாகவும் வெடிப்பாகவும் முடியும். ஒருமுறை தொடங்கிவிட்டால் அதனைத் தடுத்து நிறுத்துவது மிகக் கடினம்.

காவற்காரன் செய்யும் வேலை

பலகை உள்ள சாதனத்தில் பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் நேரே சுருளுக்குப் போவதில்லை. முதலில் காவற்காரன் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பிச் சுருளின் தடை என்ன என்று அளந்து பார்க்கின்றான். தடை மிகக் குறைவாக இருந்தாலும், இரு முனைகளும் நேராக ஒட்டிக்கொண்டிருந்தாலும், அவன் கதவைத் திறப்பதில்லை. திரையில் எச்சரிக்கை தோன்றும்.

தடை சரியாக இருந்தால், நாம் குறித்திருக்கும் வாட் அளவுக்கு எத்தனை வோல்ட் தேவை என்று கணக்கிடுகின்றான். நாம் 30 வாட் என்று குறித்திருக்கின்றோம்; சுருள் 0.5 ஓம் என்றால், சுருளுக்குத் தேவை 3.87 வோல்ட். மின்கலத்தில் 4.2 வோல்ட் இருக்கும் காலையில் அதனைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். மின்கலம் 3.2-க்கு இறங்கிவிட்ட மாலையில் அதனைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

குறைப்பது எளிதில் விளங்கும். ஆனால் மின்கலத்தில் இல்லாத வோல்ட்டை எப்படிக் கூட்ட முடியும்? இதற்கு விடை உங்கள் முதுகிலேயே இருக்கின்றது. களைக்கு மருந்து தெளிக்கும் முதுகுப் பம்பை நினைத்துப் பாருங்கள். கையால் நெம்புகோலை அழுத்துவது விட்டுவிட்டு நடக்கும் வேலை. ஆயினும், முனையிலிருந்து மருந்து விட்டுவிட்டு வருவதில்லை, சீராகப் பாய்கின்றது. ஒவ்வோர் அழுத்தலும் உள்ளிருக்கும் அறையில் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கின்றது. டாங்கியில் இருக்கும் மருந்து தானாக அவ்வளவு தூரம் பாயாது. பம்பு அடித்தால் பாயும்.

பலகையும் இவ்வாறே செய்கின்றது. அதிலுள்ள மின்விசை ஒரு நொடியில் பல இலட்சம் தடவை திறந்து மூடும். மின்சாரம் ஒரு சிறு சுருணைக்குள் சக்தியாகச் சேர்க்கப்பட்டு, உயர்ந்த அழுத்தத்துடன் வெளியே தள்ளப்படுகின்றது. அதனை ஒரு மின்தேக்கி சீர்படுத்துகின்றது. குறைக்க வேண்டிய வேளையில் அதே திறப்பும் மூடலும் வேறு ஒழுங்கில் நடைபெறும். இவையனைத்தும் ஒரு மூச்சு இழுப்பதற்குள் நடந்து முடிகின்றன.

இவற்றோடு அவனுக்கு வேறு கடமைகளும் உண்டு. மின்கலம் மிகவும் தளர்ந்துவிட்டால் வேலையை நிறுத்துகின்றான். பொத்தான் பையில் மாட்டி அழுந்தியே இருந்தால், சில நொடிகளில், பல சாதனங்களில் பத்து நொடியளவில், மின்சாரத்தைத் துண்டிக்கின்றான். பலகையே சூடேறினால் ஓய்வு கேட்கின்றான். மின்னேற்றும்போது 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கின்றான்.

சில சாதனங்களில் வெப்பத்தையும் அவன் கணிக்கின்றான். நிக்கல் கம்பி சூடேறினால் அதன் தடை கூடும். சாதாரண அறை வெப்பத்தில் 0.1 ஓம் இருந்த நிக்கல் சுருள், 200 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 0.2 ஓம் ஆகிவிடும். தடை எவ்வளவு ஏறியது என்று பார்த்தே வெப்பம் எவ்வளவு ஏறியது என்று தெரிந்துகொள்கின்றான். ஆனால் பெரும்பாலோர் பயன்படுத்தும் இரும்பு, குரோமியம், அலுமினியக் கலப்புக் கம்பியில் தடை அவ்வளவாக மாறுவதில்லை. அக்கம்பியை வைத்து வெப்பத்தை அவனால் கண்டுபிடிக்க முடியாது.

மின்கலம் தளரும்போது

இப்பொழுது பால்மர உதாரணத்திற்கு வருவோம். ரப்பர் விலை இறங்கிவிட்டால், வீட்டிற்கு அதே பணம் கொண்டு வர என்ன செய்ய வேண்டும்? கூடுதலாக மரம் சீவ வேண்டும். பலகையுள்ள சாதனத்தில் மின்கலத்தின் நிலையும் அதுவே. எசமானர் 30 வாட் கேட்கின்றார். மின்கலத்தின் அழுத்தம் இறங்க இறங்க, அதே 30 வாட்டைக் கொடுக்க அது கூடுதல் ஆம்பியரைத் தர வேண்டியிருக்கும்.

பலகையில் பத்தில் ஒரு பங்கு சக்தி வீணாகின்றது என்று கொண்டால், 30 வாட் கொடுக்க மின்கலத்திலிருந்து 33 வாட் எடுக்க வேண்டும். 4.2 வோல்ட்டில் இது ஏறத்தாழ 8 ஆம்பியர். 3.2 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல். இங்கே ஓர் உண்மையை நன்கு கவனியுங்கள். பலகை இல்லாத சாதனத்தில் மின்கலம் தளர்ந்தால் அதன் சுமை குறைகின்றது. பலகை உள்ள சாதனத்தில் மின்கலம் தளரத் தளர அதன் சுமை கூடுகின்றது.

ஒரே மின்கலம் உள்ள சாதனத்தில் 80 வாட் வைத்தால், அது தளர்ந்த வேளையில் ஏறத்தாழ 28 ஆம்பியர் கொடுக்க வேண்டும். மிக நல்ல மின்கலங்களுக்கே அது கடினமான அளவு. இரண்டு மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த சாதனமாயின், ஒவ்வொன்றின் சுமையும் 14 ஆம்பியராக இறங்கிவிடும். மிகுந்த வாட் அளவுடைய சாதனங்களில் இரண்டு மின்கலங்கள் வைப்பதன் காரணம் இதுதான்.

சாதனங்களில் மிகுதியாகப் பயன்படும் மின்கலத்தின் பெயர் 18650. விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசிச் சுழியம் உருளை வடிவைக் குறிக்கும். பழைய மடிக்கணினியை உடைத்தாலும் அதே உருவில் மின்கலம் கிடைக்கும். உருவம் ஒன்றே, ஆற்றல் ஒன்றன்று. நெடுநேரம் உழைப்பதற்கென்று செய்யப்பட்டவை மிகுந்த ஆம்பியரைத் தாங்கமாட்டா. உறையில் பெரிய எண்ணை அச்சடித்துவிட்டால் மின்கலத்துக்குப் பலம் வந்துவிடாது. நாற்பது ஆம்பியர் என்று உறையில் பொய் எழுதியிருந்தால் காவற்காரனால் அதனைக் கண்டுபிடிக்க இயலாது. அவனுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. வோல்ட்டை மட்டுமே அளக்கத் தெரியும்.

காவற்காரன் அறியாதவை

என் மாணவன் கேட்ட கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். காவற்காரன் வீட்டுக்குள் இருந்தான். மின்கலமோ வீட்டுக்கு வெளியே, சாவியோடும் காசோடும் கிடந்தது. சாதனத்தை விட்டு வெளியே எடுத்த மின்கலத்துக்குப் பலகையின் பாதுகாப்பு இல்லை. அதன் மேல்முனை நேர்முனை. அடிப்பகுதியும் பக்கவாட்டு உலோகமும் எதிர்முனை. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறையும், மேல்முனையில் இருக்கும் ஒரு சிறு வளையமுமே. உறை கிழிந்த இடத்தில் ஒரு சாவி பட்டாலும் போதும். குறுக்கே தடையே இல்லாததால் மின்னோட்டம் நூறு ஆம்பியரையும் எட்டலாம்.

இது நம் நாட்டில் ஓர் இளைஞனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் மின்சிகரெட் தொடர்பாக 195 தீ, வெடிப்புச் சம்பவங்கள் நிகழ்ந்ததாகவும், 133 பேர் காயமுற்றதாகவும் அது கூறியது. அவற்றுள் 61 சம்பவங்கள், சாதனமோ மாற்று மின்கலமோ பையில் இருந்தபோது நிகழ்ந்தவை. மின்னேற்றும்போது நிகழ்ந்தவை 48.

காவற்காரன் அறியாத இன்னொன்று உண்டு. அதுவே இவற்றிலெல்லாம் பெரியது. அவன் மின்கலத்தையும் சுருளையும் காக்கின்றான். உங்கள் நுரையீரலை அவன் காக்கவில்லை. திரவத்தில் பெரும்பாலும் இருப்பவை புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், நறுமணப் பொருள், நிக்கோட்டின் ஆகியவை. பஞ்சு காய்ந்தபின்னும் சுருளுக்கு மின்சாரம் சென்றால் வெப்பம் எல்லை மீறும். அப்பொழுது இத்திரவங்கள் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாகும்.

2015-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பொருள் தென்படவில்லை. அதே சாதனத்தை 5 வோல்ட்டில் இயக்கியபோது தென்பட்டது. அவ்வளவு காய்ந்த புகையை எவரும் விரும்பி இழுக்கமாட்டார் என்று சிலர் மறுப்புக் கூறினார்கள். அவர்கள் கூறியதிலும் நியாயம் இருக்கலாம். ஆயினும் ஒன்று தெளிவாகின்றது. வோல்ட்டைக் கூட்டுவது ஆவியைக் கூட்டுவது மட்டுமன்று. நாம் உட்கொள்ளும் பொருளையே மாற்றிவிடக்கூடும். குறைந்த வோல்ட்டில் இழுத்தாலும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான்; பழக்கம் பழக்கந்தான்.

மேலும், கலத்தில் எதை ஊற்றியிருக்கின்றோம் என்பதைக் காவற்காரன் கேட்பதில்லை. எதை ஊற்றினாலும் காய்ச்சிக் கொடுப்பான். மருத்துவர்கள் மயக்க மருந்தாகப் பயன்படுத்தும் எட்டோமிடேட்டை மின்சிகரெட்டில் கலந்து விற்ற கொடுமையால், சிங்கப்பூர் அரசு 2025 செப்டம்பர் 1 முதல் அதனைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் 2024-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 852-ஆம் சட்டம், அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு மின்சிகரெட் விற்பது குற்றம். அவ்வயதினர் அதனைப் புகைப்பதும் குற்றம். சாதனங்களின் மின் பாதுகாப்புக்காக 2022-ஆம் ஆண்டு முதல் சிரிம் சான்று முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. முத்திரை இல்லாத சாதனத்தில் காவற்காரன் இருக்கின்றானா, இருந்தாலும் விழித்திருக்கின்றானா என்பது எவருக்கும் தெரியாது. அதே வேளையில், அம்முத்திரை மின்சாரத்தைப் பற்றிய சான்று. உடல்நலத்திற்குக் கொடுத்த சான்று என்று எவரும் எண்ணிவிடலாகாது.

ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் உங்கள் வீடுகளில் இருக்கலாம். 2018 பிப்ரவரி 1 முதல் அங்கு மின்சிகரெட்டை வாங்குவது, பயன்படுத்துவது ஆகியவற்றோடு, வைத்திருப்பதும் குற்றமாகும். பாலத்தைக் கடக்கும் முன் அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

இதுவரை பழகாதவர்கள் பழகவே வேண்டாம். இதுவே என் முதல் வேண்டுகோள். பழகிவிட்டவர்கள் விட்டுவிட முயலுங்கள். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகைப்பழக்கத்தை விடுவதற்கு உதவி கிடைக்கும். வெட்கப்பட வேண்டியதில்லை.

விடும் வரையில் சிலவற்றையாவது தவறாமல் கடைப்பிடியுங்கள். மாற்று மின்கலத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் மட்டுமே வைத்திருங்கள். பையில் வெறுமனே போடாதீர்கள். உறை கிழிந்தாலும், நசுங்கினாலும், தண்ணீரில் விழுந்தாலும் அந்த மின்கலத்தை மறுபடி பயன்படுத்தாதீர்கள். இரண்டு மின்கலம் போடும் சாதனத்தில் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். வாட் அளவைச் சுருளில் குறித்திருக்கும் எல்லைக்குள் வையுங்கள். பையில் வைக்கும் முன் சாதனத்தை அணைத்துவிடுங்கள்.

மின்னேற்றுவதைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு சொல். நம் லயத்து வீடுகளில் பல, பலகைச் சுவரால் ஆனவை. வீட்டோடு வீடு ஒட்டியவை. ஒரு வீட்டில் பிடித்த தீ மறு வீட்டுக்குப் பரவ நெடுநேரம் ஆகாது. இரவில் மெத்தையின் மீதோ, தலையணைக்கடியிலோ வைத்து மின்னேற்றிவிட்டு உறங்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டால் தடுத்துவிடுங்கள். விழித்திருக்கும் வேளையில், சிமெந்துத் தரையிலோ ஓடு பதித்த இடத்திலோ வைத்து மின்னேற்றட்டும்.

பயன்படுத்தி எறியும் சாதனங்களிலும் இதே இன மின்கலமே இருக்கின்றது. அவற்றைக் குப்பையோடு சேர்த்து வீட்டின் பின்புறத்தில் கொளுத்தாதீர்கள். தீயில் விழுந்த மின்கலம் வெடிக்கும். சுற்றி நிற்பவை பெரும்பாலும் சிறு பிள்ளைகள். மின்னியல் கழிவு சேர்க்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

தீ நேர்ந்துவிட்டால், எரியும் மின்கலத்தைக் கையால் தொடாதீர்கள். வீட்டில் உள்ளோரை வெளியேற்றி, 999-ஐ அழையுங்கள். அணைந்தது போல் தோன்றி மீண்டும் பற்றிக்கொள்ளும் இயல்பு அதற்குண்டு. உடலில் தீக்காயம் பட்டால், குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின்மேல் ஓட விடுங்கள். பற்பசை பூசாதீர்கள், கிச்சாப் ஊற்றாதீர்கள். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அன்பர்களே! தோட்டத்துக் காவற்காரர் இரவெல்லாம் விழித்திருந்து வாயிலைக் காப்பார். அதற்காக நாம் நம் வீட்டுக் கதவைத் தாழிடாமல் உறங்குவதில்லை. மின்சிகரெட்டுக்குள் இருக்கும் காவற்காரனும் அத்தகையவனே. தன்னிடம் ஒப்படைத்த இரு பொருள்களை அவன் காப்பான். உங்கள் பையையும், உங்கள் நுரையீரலையும், உங்கள் பிள்ளையின் வயதையும் அவன் அறியமாட்டான். அவற்றைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.

என் மாணவன் பல மாதங்களுக்குப் பின் வேலைக்குத் திரும்பினான். சற்றே சாய்ந்து நடக்கின்றான். அண்மையில் என்னைக் கண்டபோது, தன் தம்பிக்கு விசையும் விளக்கும் இல்லாத அந்தப் பாடத்தைத் தானே கற்பித்துவிட்டதாகக் கூறினான். உங்களுள் ஒவ்வொருவரும் இன்றிரவு வீட்டிற்குச் சென்று ஒருவருக்கேனும் அதனைக் கற்பித்தால், நான் இங்கு வந்த பயனை அடைந்தவனாவேன்.